‘ஹேவ்’: நம்மகிட்ட இல்லாத ஒரு வினைச்சொல்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். கீழே உள்ள நாலு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்க.

எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்கு.
என்கிட்ட நூறு ரூபாய் இருக்கு.
எங்க பெரியப்பா டிராக்டர் வச்சிருக்கார்.
எங்க ஹாஸ்டல்ல நாலு மாடி இருக்கு.

நாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்தான்: ‘ஹேவ்’. பெரியப்பாவுக்கும் ஹாஸ்டலுக்கும் ‘ஹேஸ்’ ஆகும், அவ்வளவுதான். ஆனால் தமிழில் பாருங்க. தங்கச்சி ‘எனக்கு’ இருக்கு. ரூபாய் ‘என்கிட்ட’ இருக்கு. டிராக்டரை ‘வச்சிருக்கார்’. மாடி ‘ஹாஸ்டல்ல’ இருக்கு. நாலும் நாலு விதம்.

முதல் வகுப்பிலிருந்து ‘ஹேவ் என்றால் வைத்திரு’ என்று படித்து வருகிறோம். அது கால்வாசி உண்மை. தங்கச்சியை யாரும் வச்சிருக்க முடியாது, காய்ச்சலையும் வச்சிருக்க முடியாது. பேச்சுத் தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேராக ஒரு வினைச்சொல் கிடையாது என்பதுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்டால், வளாக நேர்காணலில் நம்ம வாயில் வருகிற ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ எங்கிருந்து வருது என்று தெரியும். எங்கிருந்து வருது என்று தெரிந்தால் நிறுத்துவதும் சுலபம்.

இது நம்ம குறை இல்லை

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். ‘ஹேவ்’ இல்லாத மொழி தமிழ் மட்டும் இல்லை. இந்திக்காரர் ‘மேரே பாஸ் பைசா ஹை’ என்பார். ‘என்கிட்ட பணம் இருக்கு’ என்கிற அதே அமைப்பு. ரஷ்ய மொழியிலும் ‘என் பக்கத்தில் புத்தகம் இருக்கு’ என்கிற மாதிரிதான் சொல்வார்கள். லத்தீனில் ‘ஹேவ்’ போன்ற சொல்லும் உண்டு, ‘எனக்கு இருக்கு’ என்கிற வழியும் உண்டு.

இந்தச் சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்தித்தவர்களும் நம்ம டெல்டாவில் இருந்திருக்கிறார்கள். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் தாய்மொழியான ஜெர்மனில் ‘ஹாபென்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கு. நம்ம ‘ஹேவ்’-க்கு அண்ணன் முறை. அவர் தமிழ் கற்று, லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. ‘ஹாபென்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடியிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்காது. ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று வேற்றுமை உருபைப் பிடித்துத்தான் கரை ஏறியிருக்க வேண்டும். நாம் ஆங்கிலத்தில் தடுமாறுவது போலத்தான் அவர்களும் தமிழில் தடுமாறியிருப்பார்கள். பாதை அதேதான், திசைதான் வேறு.

இலக்கியத் தமிழில் ‘உடை’ என்று ஒரு சொல் உண்டு. அறிவுடையார், பொருளுடையார் என்கிறோமே, அந்த ‘உடை’ கிட்டத்தட்ட ‘ஹேவ்’தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இறைவனுக்கு ராஜராஜீஸ்வரம் உடையார் என்று பெயர். ராஜராஜீஸ்வரத்தை உடையவர். ஆயிரம் வருடமாகக் கல்லில் இருக்கிற ‘ஹேவ்’ அது. ஆனால் இன்றைக்கு யாரும் டீக்கடையில் ‘நான் பத்து ரூபாய் உடையேன்’ என்று சொல்வதில்லை. பேச்சில் அந்தச் சொல் போய்விட்டது. ‘இருக்கு’ அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

‘ஹேவிங்’ எப்போ வரலாம், எப்போ வரக்கூடாது

‘என்கிட்ட லேப்டாப் இருக்கு’, ‘லேப்டாப் வச்சிருக்கேன்’. ரெண்டிலும் ‘இரு’ இருக்கு. ‘படிச்சிட்டு இருக்கேன்’ என்பதிலும் அதே ‘இரு’. ‘படிச்சிட்டு இருக்கேன்’ என்றால் ‘ஐ ஆம் ஸ்டடியிங்’ என்று பழகிய மனசு, ‘வச்சிருக்கேன்’ என்றதும் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று போடுகிறது. இந்தியாவின் மற்ற மாநிலத்துக்காரர்களும் இதைச் சொல்கிறார்கள் என்பதால் காரணம் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தமிழ் வழியில் படித்தவர் திருத்திக்கொள்ள இந்தப் பிடி போதும்.

சோதனை இதுதான். ‘ஹேவ்’ வரும் இடத்தில் தமிழில் என்ன வினை வருது என்று பாருங்க. வெறும் ‘இருக்கு’ அல்லது ‘வச்சிருக்கு’ வந்தால் ‘ஹேவிங்’ கிடையாது. செய்கிற வேலை ஒன்று, அதாவது சாப்பிடு, குளி, நடத்து, அவதிப்படு போன்ற வினை வந்தால் ‘ஹேவிங்’ தாராளமாக வரலாம்.

‘எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கு.’ வினை ‘இருக்கு’. ஆகவே ‘வி ஹேவ் டூ ஏக்கர்ஸ்’. (மூணு மா சுமார் ஒரு ஏக்கர்; நேர்காணல் நடத்துபவருக்கு மா தெரியாது, ஏக்கரில் சொல்லிவிடுங்க.) ‘வி ஆர் ஹேவிங்’ தப்பு.

‘சாப்பிட்டுட்டு இருக்கேன்.’ வினை ‘சாப்பிடு’. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி.

‘ஹெச்.ஓ.டி. ரூம்ல மீட்டிங் நடத்திட்டு இருக்காங்க.’ வினை ‘நடத்து’. ‘தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ சரி.

‘எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.’ வினை ‘இருக்கு’. ஆகவே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. ‘டவுட்’ என்றால் ஆங்கிலத்தில் நம்பிக்கையின்மை என்கிற வாசனை வரும். பாடத்தில் கேள்வி கேட்கப் போறீங்கன்னா ‘கொஸ்டின்’தான் பொருத்தம்.

இன்னொரு சின்ன இடறல். கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வந்துவிட்டால் காலத்தையும் ஆளையும் அதுவே சுமந்துகொள்ளும். ‘ஹேவ்’ மாறாமல் அப்படியே நிற்கும். ‘டஸ் ஹி ஹேவ்’, ‘டிட் நாட் ஹேவ்’. ‘டஸ் ஹி ஹேஸ்’ என்றால் ஒரே மூட்டையை ரெண்டு பேர் தூக்குகிற மாதிரி.

தண்ணி இருக்கா?

மே மாசம் வந்தால் டெல்டாவில் எல்லாரும் கேட்கும் கேள்வி, ‘மேட்டூர்ல தண்ணி இருக்கா?’ இதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் ‘வாட்டர் இஸ் தேர்?’ என்று வரும். புரியும், ஆனால் ஆங்கிலம் ஆகாது.

ஆங்கிலத்தில் இதற்கு ரெண்டு வழி. ஒன்று, ‘இஸ் தேர் எனி வாட்டர் இன் மேட்டூர்?’ இன்னொன்று, இடத்தையே எழுவாயாக்கி ‘ஹேவ்’ போடுவது: ‘டஸ் மேட்டூர் ஹேவ் எனஃப் வாட்டர்?’ தமிழில் ‘-ல்’ உருபு போட்டுச் சொல்கிற இடத்தை ஆங்கிலம் உடைமைக்காரராக நிற்க வைக்கிறது. ஹாஸ்டல் நாலு மாடியை ‘ஹேஸ்’. அணை தண்ணீரை ‘ஹேஸ்’.

புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது இது ரொம்ப உதவும். மேட்டூர் அணையின் நீர்மட்ட உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதை எழுத ‘இன் மேட்டூர் டேம் 93.47 டி.எம்.சி. கெபாசிட்டி இஸ் தேர்’ என்று நீட்ட வேண்டாம். ‘த ரிசர்வாயர் ஹேஸ் எ கெபாசிட்டி ஆஃப் 93.47 டி.எம்.சி.’ போதும். தமிழ்ச் செய்தித்தாளில் ‘கொள்ளளவு கொண்டது’ என்று எழுதுவார்களே, அந்தக் ‘கொண்டது’ வரும் இடமெல்லாம் ‘ஹேஸ்’ பொருந்தும். பீம், மோட்டார், சென்சார் எதுவானாலும் இதே அமைப்புதான்.

திறந்தாச்சா, திறந்தாங்களா?

‘ஹேவ்’ தனியாக நின்றால் உடைமை. இன்னொரு வினையின் மூன்றாம் வடிவத்தோடு சேர்ந்தால் அது காலம் காட்டும் துணைவினை. இங்கே நமக்கு ஒரு நல்ல செய்தி: தமிழில் இதற்கு நேரான அமைப்பு இருக்கு.

‘நாத்து விட்டிருக்கோம்’ என்றால் ‘வி ஹேவ் சோன் த நர்சரி’. ‘நாத்து விட்டிருந்தோம்’ என்றால் ‘வி ஹேட் சோன் த நர்சரி’. ‘இருக்கோம்’ வந்தால் ‘ஹேவ்’, ‘இருந்தோம்’ வந்தால் ‘ஹேட்’. ‘மேட்டூர் திறந்தப்ப நாங்க நாத்து விட்டிருந்தோம்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

‘ஆச்சு’ இன்னும் துல்லியம். ‘நடவு முடிஞ்சாச்சு’, ‘அறுத்தாச்சு’ என்கிறோமே, அதில் வேலை முடிந்ததும் இருக்கு, அதன் பலன் இப்போது கையில் இருக்கு என்பதும் இருக்கு. ‘ஹேவ்’ சேர்ந்த வினையின் உயிரே அதுதான்.

டெல்டாக்காரருக்கு இந்த வித்தியாசம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. 2024-ல் அந்த நாளில் திறக்கவில்லை; ஜூலை கடைசியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் கடைமடையில் இருந்தவர் சொன்ன ‘இன்னும் திறக்கலை’ என்பது முடிந்துபோன செய்தி இல்லை. இந்த நிமிஷம் வயல் காய்கிறது என்கிற செய்தி. ஆங்கிலத்தில் அது ‘தே ஹேவன்ட் ஓபன்ட் இட் யெட்’. ‘தே டிட் நாட் ஓபன் இட்’ என்றால் கதை முடிந்துவிட்டது, இனி பேச ஒன்றுமில்லை என்கிற தொனி வந்துவிடும்.

இனி பொறி எங்கே என்று பார்ப்போம். தமிழில் ‘நேத்து ராத்திரி தண்ணி வந்திருக்கு’ என்று சொல்லலாம். காலையில் வாய்க்காலைப் பார்த்து, ஈரத்தை வைத்து ஊகித்துச் சொல்வது அது. ஆங்கில ‘ஹேவ்’ இதற்கு ஒத்துக்கொள்ளாது. நேற்று, போன வாரம், 2022-ல் என்று முடிந்துபோன நேரம் ஒன்றைக் குறித்துவிட்டால் ‘ஹேவ்’ விலகிவிட வேண்டும். ‘வாட்டர் கேம் லாஸ்ட் நைட்’. ‘ஹேஸ் கம் லாஸ்ட் நைட்’ தப்பு.

நம்ம பயோடேட்டாவில் அதிகம் வரும் தப்பும் இதுவே. ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2022.’ தமிழில் ‘2022-ல முடிச்சிருக்கேன்’ சரி; ஆங்கிலத்தில் வருடம் வந்த உடனே ‘ஐ கம்ப்ளீட்டட்’ ஆகிவிட வேண்டும். வருடம் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ’ சரி. ‘சின்ஸ் 2022’ என்று தொடங்கிய இடத்தை மட்டும் சொன்னாலும் ‘ஹேவ்’ இருக்கலாம், ஏனென்றால் அந்த நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு.

ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கக் கூடாது

‘ஹேவ் டு’ என்றால் ‘-ணும்’. ‘நாளைக்கு உரம் போடணும்’: ‘வி ஹேவ் டு அப்ளை ஃபெர்ட்டிலைசர் டுமாரோ’. இதுவரை சிக்கல் இல்லை. எதிர்மறையில்தான் ஆபத்து.

‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் ‘வேண்டியதில்லை’. செய்யத் தேவையில்லை, செய்தாலும் பாதகமில்லை. ‘மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடாது’. செய்தால் கெடுதல். தமிழில் இந்த ரெண்டையும் யாரும் குழப்புவதில்லை. மழை பெய்திருக்கும் வாரத்தில் ‘தண்ணி வைக்க வேண்டியதில்லை’ என்போம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ‘வயல் காயக் கூடாது’ என்போம். ஆனால் ஆங்கிலத்துக்குப் போனதும் ‘கூடாது’ என்று சொல்ல நினைத்து ‘டோன்ட் ஹேவ் டு’ என்கிறவர்கள் உண்டு.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. ஆற்றில் வெள்ளம் வரும் நாளில் எந்த ஷட்டர் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதில் ஊர்களின் பாதுகாப்பு இருக்கு. அங்கே ஒரு இயக்கக் குறிப்பில் ‘யூ மஸ்ட் நாட் ஓபன் கேட் 3’ என்று வர வேண்டிய இடத்தில் ‘யூ டோன்ட் ஹேவ் டு ஓபன் கேட் 3’ என்று இருந்தால், படிப்பவர் ‘சரி, விருப்பம் இருந்தா திறக்கலாம் போல’ என்று நினைக்க இடம் இருக்கு. இது கற்பனை உதாரணம்தான். ஆனால் நாளைக்கு நீங்க எழுதப்போகும் பாதுகாப்புக் குறிப்பு, லேப் மேனுவல், பாய்லர் அறைப் பலகை எல்லாம் கற்பனை இல்லை. எழுதி முடித்ததும் மனசுக்குள் தமிழில் கேளுங்க: வேண்டியதில்லையா, கூடாதா?

கோயிலைக் கட்டியது யாரு?

‘தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டியது யார்?’ என்று கேட்டால் ‘ராஜராஜன்’ என்று ஒருத்தரும் ‘கொத்தனாரு’ என்று இன்னொருத்தரும் சொல்வது பழைய பள்ளிக்கூடச் சிரிப்பு. ஆனால் கேள்வி நியாயமானது. ராஜராஜன் கல் தூக்கவில்லை.

இதில் ராஜராஜனே நம்மை விடத் தெளிவு. 1010-ல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டில், தாம் கட்டிய கோயில் என்று இல்லை. ‘எடுப்பிச்ச’ திருக்கற்றளி என்று இருக்கு. எடுத்த இல்லை, எடுப்பிச்ச. பிறரைக் கொண்டு எடுக்கச் செய்த. இலக்கணத்தில் பிறவினை. அந்தப் பிறரில் தலைமைத் தச்சரான குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டிலேயே இருக்கு.

இதைத்தான் ஆங்கிலம் ‘ஹேவ்’ வைத்துச் சொல்கிறது: ‘ராஜராஜா ஹேட் த டெம்பிள் பில்ட்’. ‘ஹேவ்’, அதன் பிறகு பொருள், அதன் பிறகு மூன்றாம் வடிவம். இந்த வரிசை முக்கியம். கொஞ்சம் மாற்றினால் அர்த்தமே கவிழும்.

‘வி ஹேட் த ஃபீல்ட் பிளவ்ட்.’ ஆள் விட்டு உழுதோம்.
‘வி ஹேட் பிளவ்ட் த ஃபீல்ட்.’ அதுக்கு முன்னாடியே நாங்களே உழுதிருந்தோம்.

அதே சொற்கள்தான். ‘ஃபீல்ட்’ நடுவில் வந்தால் வேலை செய்தவர் வேறு ஆள். கடைசியில் வந்தால் நாமே.

இன்றைய பேச்சுத் தமிழில் ‘எடுப்பிச்ச’ மாதிரி நுணுக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ‘இந்த வருஷம் ஒரு வேலி நட்டேன்’ என்பார் ஒருத்தர். ஒரு வேலி என்றால் இருபது மா. நட்டது அவர் இல்லை. சேற்றில் குனிந்து நட்ட பெண்கள். ‘வீடு கட்டினேன்’, ‘கிணறு வெட்டினேன்’, எல்லாம் இப்படித்தான். தமிழில் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும் என்பதால் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ட்ரான்ஸ்ப்ளான்டட்’ என்றால் நீங்களே நட்டதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

புராஜெக்ட் வைவாவில் இது நேராக வந்து மோதும். கடையில் கொடுத்து பிசிபி செய்து வாங்கினீங்க. ‘ஐ மேட் த பிசிபி’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘எந்த ரசாயனத்தில் எட்ச் பண்ணினீங்க?’ என்று வரும். அங்கே மாட்டிக்கொள்வதற்கு ஆங்கிலம் காரணம் இல்லை. சொன்னது வேறு, நடந்தது வேறு என்பதே காரணம். ‘ஐ டிசைன்ட் த போர்ட் அண்ட் ஹேட் இட் ஃபேப்ரிகேட்டட்’ என்று சொல்லிப் பாருங்க. செய்தது எது, செய்வித்தது எது என்று ரெண்டும் அதில் இருக்கு. யாருடைய உழைப்பையும் மறைக்கவில்லை, உங்க வேலையையும் குறைக்கவில்லை.

கையில் வைத்துக்கொள்ள

இவ்வளவையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. வாக்கியம் தமிழில்தான் மனசில் முதலில் வரும் என்றால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்க.

எனக்கு, என்கிட்ட, -ல், வச்சிரு: எது வந்தாலும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’. ‘இங்’ சேர்க்காதீங்க.
சாப்பிடு, நடத்து மாதிரி செய்கிற வினை: ‘ஹேவிங்’ வரலாம்.
-ஆச்சு, -இருக்கு: ‘ஹேவ்’ சேர்ந்த மூன்றாம் வடிவம். முடிந்துபோன தேதி சொன்னால் ‘ஹேவ்’ போய்விடும்.
-இருந்தது: ‘ஹேட்’ சேர்ந்த மூன்றாம் வடிவம்.
-ணும்: ‘ஹேவ் டு’. வேண்டியதில்லை: ‘டோன்ட் ஹேவ் டு’. கூடாது: ‘மஸ்ட் நாட்’.
ஆள் விட்டுச் செய்தது: ‘ஹேட்’, பொருள், மூன்றாம் வடிவம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் நேர்காணல் அறைக்குப் போகும் முன் ‘என்கிட்ட இங்கிலீஷ் இல்லை’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. மேலே உள்ள பட்டியலின் முதல் பாதியை மறுபடி பாருங்க. அது முழுக்க உங்க வீட்டுத் தமிழ். அதை ஏற்கெனவே பிசகாமல் பேசுறீங்க. மீதிப் பாதிக்கு ஒரு வாரம் போதும்: நாளைக்குப் பத்து வாக்கியம், பக்கத்து அறை நண்பரோடு, சத்தமாக.